அறிக்கையிலும் கட்டுரையிலும் எண்களை அட்டவணையாகப் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ப்ராஜெக்ட், ஆய்வேடு, தொண்டு நிறுவன அறிக்கை என்று மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்துவருகிறேன். பெரும்பாலும் எண்கள் சரியாகவே இருக்கும், ஆனால் அட்டவணையைத்தான் வாசிக்க முடியாது. ஒரே மாதிரியான கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஏழு மாவட்டங்கள். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் இன்னும் இந்த எண்களோடுதான் குடும்பம் நடத்துகிறார்கள்.

என் மேசைக்கு வழக்கமாக வந்து சேரும் வடிவம் இது:

| வ.எண் | மாவட்டம் | மக்கள்தொகை | பாலின விகிதம் | எழுத்தறிவு |
|---|---|---|---|---|
| 1 | கன்னியாகுமரி | 18,70,374 | 1019 | 91.75% |
| 2 | கோயம்புத்தூர் | 34,58,045 | 1000 | 83.98% |
| 3 | சென்னை | 46,46,732 | 989 | 90.18% |
| 4 | தருமபுரி | 15,06,843 | 946 | 68.54% |
| 5 | நீலகிரி | 7,35,394 | 1042 | 85.20% |
| 6 | பெரம்பலூர் | 5,65,223 | 1003 | 74.32% |
| 7 | மதுரை | 30,38,252 | 990 | 83.45% |

இதில் தப்பான எண் ஒன்றுகூட இல்லை. ஆனால் பத்து விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள், என்ன நினைவிருக்கிறது? இதே அட்டவணைக்கு வேறொரு வடிவத்தில் பின்னால் திரும்ப வருவோம்.

எல்லா எண்ணையும் அட்டவணையில்தான் போட வேண்டுமா?

வேண்டாம். இரண்டு மூன்று எண்களுக்கு ஒரு வாக்கியமே போதும். "தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001இல் 73.45 சதவீதம், 2011இல் 80.09 சதவீதம்" என்று எழுதினால் முடிந்தது. இதற்குப் போய்க் கட்டம் கட்டி, எண் கொடுத்து, தலைப்பு வைத்து அரைப் பக்கத்தை அடைப்பது, நாலு பேர் வரும் விசேஷத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்ட மாதிரி. ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கை மட்டும் காட்ட வேண்டுமென்றால் கோட்டு வரைபடம் நல்லது. பல இடங்களை, பல வருடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், எண்ணும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால்தான் அட்டவணை. ஒரே தரவை அட்டவணையாகவும் வரைபடமாகவும் அடுத்தடுத்துப் போட்டுப் பக்கத்தை நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். திருத்துகிறவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

அட்டவணை போட உட்காரும்போது முதலில் எதை முடிவு செய்வது?

வாசிக்கிறவர் எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடப் போகிறார் என்பதை. இந்தப் பக்கத்தில் இருக்கும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே கிளைப்பவை. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பிடுவதா, வருடத்துக்கு வருடமா, ஆண் பெண் இடையிலா? இது தெரியாமல் எக்செலைத் திறந்தால் தரவு எந்த வடிவத்தில் வந்ததோ அதே வடிவத்தில்தான் அட்டவணையும் வரும். அது சேமித்து வைக்க நல்ல வடிவம். வாசிக்க உதவாது.

எதை நிரையில் போடுவது, எதை நிரலில் போடுவது?

குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல். பத்தாம் வகுப்பு அணிகள் பாடத்தில் படித்ததுதான், பலருக்கு மறந்திருக்கும்.

விதி எளிது. ஒப்பிட வேண்டிய எண்கள் ஒன்றின் கீழ் ஒன்று வர வேண்டும். மளிகைக் கடைச் சிட்டையை நினைத்துப் பாருங்கள். துவரம் பருப்பு, புளி, வெல்லம் என்று வரிசையாக எழுதி, தொகையெல்லாம் வலது ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். யாரும் தொகைகளைப் பக்கவாட்டில் எழுதிக்கொண்டே போவதில்லை. அப்படி எழுதினால் எது பெரிய தொகை என்று கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொன்றாகப் படித்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால் பத்தாயிரம் இடம் பத்தாயிரத்துக்குக் கீழே, நூறு நூறுக்குக் கீழே என்று விழும், கண் தானாகவே கழித்துப் பார்த்துக்கொள்ளும்.

லண்டனில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ எரன்பர்க் என்ற புள்ளியியலாளர் 1970களில் இதைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். எண்களை மேலிருந்து கீழாக ஒப்பிடும்படி வையுங்கள், அளவின்படி அடுக்குங்கள், தேவையில்லாத இலக்கங்களை வெட்டுங்கள், சராசரியைப் பக்கத்திலேயே காட்டுங்கள் என்பதுதான் சாரம். ஐம்பது வருடம் ஆகிறது, இதற்கு மேல் பெரிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

காலத்தைக் காட்டும்போது ஒரு சின்ன விலக்கு உண்டு. ஏழெட்டு மாவட்டங்களுக்கு இரண்டு மூன்று வருடத் தரவு இருந்தால் வருடங்கள் இடமிருந்து வலமாகப் போகட்டும். ஒரே இடத்துக்குப் பல வருடம் என்றால் வருடங்களைக் கீழ்நோக்கி இறக்கிவிடுங்கள்.

மாவட்டங்களை எந்த வரிசையில் அடுக்குவது? அகர வரிசைதானே முறை?

அகர வரிசை தொலைபேசிப் புத்தகத்துக்கு. பெயரைத் தேடி வருகிறவருக்கு அது உதவும், அதனால் பின்னிணைப்பில் முப்பது நாற்பது மாவட்டங்களைப் பட்டியலிடும்போது அதையே வைத்துக்கொள்ளலாம். கட்டுரையின் உடலில் வரும் அட்டவணை ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தது. அந்த விஷயத்தின்படி அடுக்குங்கள். என் கட்டுரை எழுத்தறிவைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மேலே உள்ள அதே தரவு இப்படி ஆகும்:

அட்டவணை 1. எழுத்தறிவு, பாலின விகிதம், மக்கள்தொகை: தமிழ்நாட்டின் ஏழு மாவட்டங்கள், 2011

| மாவட்டம் | எழுத்தறிவு (%) | ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் | மக்கள்தொகை (லட்சம்) |
|---|---:|---:|---:|
| கன்னியாகுமரி | 92 | 1,019 | 18.7 |
| சென்னை | 90 | 989 | 46.5 |
| நீலகிரி | 85 | 1,042 | 7.4 |
| கோயம்புத்தூர் | 84 | 1,000 | 34.6 |
| மதுரை | 83 | 990 | 30.4 |
| பெரம்பலூர் | 74 | 1,003 | 5.7 |
| தருமபுரி | 69 | 946 | 15.1 |
| தமிழ்நாடு | 80 | 996 | 721.5 |

குறிப்பு: எழுத்தறிவு 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில். மாவட்ட எல்லைகள் 2011இல் இருந்தபடி.
மூலம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011, இறுதி எண்கள்.

இப்போது பாருங்கள், மதுரைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பது தெரிகிறது. மாநில சராசரி 80 அந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகிறது, ஐந்து மாவட்டங்கள் மேலே, இரண்டு கீழே. தருமபுரி எழுத்தறிவில் மட்டுமல்ல, பாலின விகிதத்திலும் கடைசி என்பதும் தானாகக் கண்ணில் படுகிறது. ஆனால் பாலின விகிதம் எழுத்தறிவோடு சேர்ந்தே இறங்குவதாகச் சொல்ல முடியாது, பெரம்பலூர் சென்னையை முந்தி நிற்கிறது. முதல் அட்டவணையிலும் இதெல்லாம் இருந்தது, யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

வ.எண் நிரலைத் தூக்கிவிட்டதையும் கவனித்திருப்பீர்கள். அதை வைத்து யாரும் எதையும் செய்வதில்லை. அலுவலகப் பழக்கம், அவ்வளவுதான்.

தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்? இரண்டு வைத்தால்தானே துல்லியம்?

எக்செல் எத்தனை கொடுத்ததோ அத்தனையையும் இறக்கி வைப்பதைத் துல்லியம் என்று நினைப்பது பெரிய நோய். 68.54 என்பதில் கடைசி 0.01 சதவீதம் தருமபுரி மாவட்டத்தில் நூற்றைம்பது பேருக்கும் குறைவு. உங்கள் வாதம் அந்த நூற்றைம்பது பேரை நம்பி நிற்கிறதா? இல்லையென்றால் 69 போதும்.

எண்ணுக்கு எண் மாறும் இலக்கங்களில் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை முழுமையாக்குவது (ரவுண்ட் செய்வது) பெரும்பாலான இடங்களில் சரியாக வரும். இது எரன்பர்க் சொன்னதுதான். "மாறும் இலக்கம்" என்பதைக் கவனியுங்கள். பாலின விகிதத்தில் 989, 990, 1,003 என்று எண்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே கடைசி இலக்கத்தை வெட்டினால் சென்னையும் மதுரையும் ஒன்றாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். மக்கள்தொகை 5 லட்சத்திலிருந்து 46 லட்சம் வரை பரந்து கிடக்கிறது, அங்கே 46,46,732 என்று எழுதுவதில் வாசகருக்கு ஒரு லாபமும் இல்லை.

வெட்டக் கூடாத இடங்களும் உண்டு. வரவு செலவுக் கணக்கில் ரூபாய் ரூபாயாகவே இருக்கட்டும், தணிக்கையாளரிடம் "முழுமையாக்கினேன் சார்" என்று சொல்லிப் பாருங்கள் தெரியும். மற்றவர்கள் எடுத்துக் கணக்குப் போடக்கூடிய மூலத் தரவை முழு எண்ணாகப் பின்னிணைப்பில் வையுங்கள். அப்புறம், முழுமையாக்கிய எண்ணிலிருந்து அடுத்த கணக்கைப் போடாதீர்கள். கணக்கெல்லாம் முழு எண்ணில் முடியட்டும், காட்டும்போது மட்டும் வெட்டுங்கள்.

ஒரே நிரலில் 83.5, 84, 90.18 என்று கலந்து போடுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. 85.0 என்று பூஜ்யத்தோடு எழுத வேண்டிய நிரலில் அந்தப் பூஜ்யத்தை எழுதத்தான் வேண்டும்.

லட்சம், கோடியா? மில்லியனா?

யார் படிக்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டு வாசகருக்கு லட்சம், கோடி. இலங்கை வாசகர்களுக்கு மில்லியன் பழக்கம், வெளிநாட்டு ஆய்விதழ்களும் மில்லியனைத்தான் கேட்கும். எதுவானாலும் ஒரு அறிக்கைக்குள் ஒன்றே ஒன்று. 72.1 மில்லியனும் 7.21 கோடியும் ஒன்றுதான், ஆனால் பக்கம் 4இல் அதையும் பக்கம் 9இல் இதையும் போட்டால் படிக்கிறவர் குழம்புவார், நீங்களே ஒரு நாள் குழம்பி ஒரு பூஜ்யத்தைத் தொலைப்பீர்கள். ஒரு நிரலுக்குள் லட்சமும் கோடியும் கலக்கவே கூடாது. மேல் அட்டவணையில் தமிழ்நாட்டுக்கு 721.5 லட்சம் என்று போட்டது காதுக்குக் கொஞ்சம் உறுத்தும்தான், ஆனால் மேலே உள்ள 46.5 உடன் ஒப்பிட அதுதான் வசதி.

எக்செல் 4,646,732 என்று கமா போட்டுத் தருகிறது, லட்சக் கமா எப்படி என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். விண்டோஸில் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினால் கமாவும் மாறிவிடும். மாற்ற முடியாத கணினி என்றால் ஃபார்மேட் செல்ஸ் போய், கஸ்டம் என்ற இடத்தில் இதை ஒட்டுங்கள்:

`[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0`

கழித்தல் எண்களுக்கு இது சரியாக வேலை செய்யாது. நஷ்டக் கணக்கு காட்டுகிறவர்கள் வட்டார அமைப்பையே மாற்றிக்கொள்வது நல்லது.

எண்களை நடுவில் வைத்தால் அழகாக இருக்கிறதே?

அழகாக இருக்கும், படிக்க வராது. 7,35,394 நடுவில், அதற்கு மேல் 15,06,843 நடுவில் என்றால் லட்சம் லட்சத்துக்குக் கீழே விழாது. எண்கள் வலது ஓரம், சொற்கள் இடது ஓரம், நிரல் தலைப்பு அதன் கீழே உள்ள எண்களின் பக்கமே. வேர்டில் டெசிமல் டேப் என்று ஒன்று இருக்கிறது, புள்ளியைப் புள்ளிக்குக் கீழே நிறுத்தும்.

கோடு எத்தனை போடலாம்?

மூன்று. தலைப்பு நிரைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அட்டவணை முடியும் இடத்தில் ஒன்று. மொத்தம் என்ற நிரை இருந்தால் அதற்கு மேலே மெல்லியதாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். நின்ற கோடுகளே வேண்டாம், நிரல்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடமே பிரித்துக் காட்டும். நல்ல ஆய்விதழ் எதையாவது புரட்டிப் பாருங்கள், நின்ற கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் ஊரில் கட்டம் கட்டமாக எல்லாப் பக்கமும் கோடு போடாவிட்டால் "அட்டவணை முடியவில்லையா?" என்று வழிகாட்டியே கேட்கிறார் என்கிறார்கள். கேட்டால் போட்டுவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம், ஆனால் சாம்பல் நிறத்தில் மெல்லியதாகப் போடுங்கள்.

தரவு இல்லாத கட்டத்தில் என்ன எழுதுவது?

வெறுமனே விடாதீர்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்க்கிறவர் பூஜ்யமா, தரவு கிடைக்கவில்லையா, அந்தக் கேள்வியே அங்கே பொருந்தாதா, அல்லது நீங்கள் தட்டச்சு செய்ய மறந்துவிட்டீர்களா என்று நாலு விதமாக யோசிப்பார். எண்ணிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் 0. தரவு கிடைக்கவில்லை என்றால் "கி.இ." என்று எழுதி, கிடைக்கவில்லை என்று கீழே விளக்குங்கள். பொருந்தாது என்றால் ஒரு சிறுகோடு. கிடைக்காத இடத்தில் 0 போட்டால் சராசரி கணக்கிடும்போது அது உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும், இதுதான் உண்மையான ஆபத்து.

சதவீதம் போடும்போது எங்கே தவறு வருகிறது?

எல்லா இடத்திலும். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான்.

முதலாவது, எதில் சதவீதம் என்று சொல்லாமல் விடுவது. கற்பனையாக ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 120 மாணவிகள், 80 மாணவர்கள். நூலகம் போகிறவர்கள் மாணவிகளில் 60 பேர், மாணவர்களில் 40 பேர். நூலகம் போகிறவர்கள் நூறு பேரில் 60 சதவீதம் மாணவிகள், அதனால் மாணவிகளுக்குத்தான் வாசிப்பு ஆர்வம் அதிகம் என்று எழுதிவிடுவார்கள். மாணவிகளில் பாதிப் பேர் போகிறார்கள், மாணவர்களிலும் பாதிப் பேர் போகிறார்கள், ஆர்வத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. கல்லூரியில் மாணவிகள் அதிகம், அவ்வளவுதான். இரண்டு சதவீதமும் கணக்கில் சரி, உங்கள் கேள்விக்கு எது பதில் என்பதுதான் விஷயம். யாரை ஒப்பிடுகிறீர்களோ அந்தக் குழு ஒவ்வொன்றும் 100 ஆகும்படி சதவீதம் போடுங்கள், அந்த 100ஐயும், அதன் பக்கத்தில் எத்தனை பேர் என்பதையும் அட்டவணையிலேயே காட்டுங்கள்.

இரண்டாவது, சின்ன எண்ணிக்கைக்குச் சதவீதம். பன்னிரண்டு பேரைப் பேட்டி எடுத்துவிட்டு 58.33 சதவீதம் என்று எழுதுவது. அது ஏழு பேர், ஐயா! "12 பேரில் 7 பேர்" என்று எழுதுங்கள்.

மூன்றாவது, சதவீதமும் சதவீதப் புள்ளியும். எழுத்தறிவு 73.45இலிருந்து 80.09 ஆனது என்றால் உயர்வு 6.64 சதவீதப் புள்ளி. "6.64 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால் தவறு, சதவீதமாகச் சொன்னால் அது 9 சதவீத உயர்வு.

கூட்டினால் 99.9 வருகிறதே, ஒரு எண்ணைக் கொஞ்சம் ஏற்றி 100 ஆக்கிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. மூன்றில் ஒரு பங்கை மூன்று முறை 33.3 என்று எழுதினால் 99.9தான் வரும். "முழுமையாக்கியதால் கூட்டல் 100 ஆகாமல் போகலாம்" என்று கீழே ஒரு வரி போதும்.

மொத்தம், சராசரி இரண்டும் கட்டாயமா?

ஒப்பிட ஒரு அளவுகோல் கட்டாயம். மேல் அட்டவணையில் தமிழ்நாடு என்ற நிரை இல்லாவிட்டால் 83 என்பது நல்ல எண்ணா மோசமான எண்ணா என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? மொத்தம் எல்லா நிரலுக்கும் பொருந்தாது. மக்கள்தொகையைக் கூட்டலாம், எழுத்தறிவுச் சதவீதத்தைக் கூட்ட முடியாது. சதவீதங்களை அப்படியே கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பதும் தவறு. சென்னை 90.18, தருமபுரி 68.54, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 79.36. ஆனால் சென்னையில் தருமபுரியைப் போல மூன்று மடங்கு மக்கள் இருக்கிறார்கள், ஆளெண்ணிக்கையைக் கணக்கில் எடுத்தால் இரண்டு மாவட்டமும் சேர்ந்து சுமார் 85 வரும். ஐந்தரைப் புள்ளி வித்தியாசம், விளையாட்டில்லை.

எக்செலின் ஆட்டோசம் பொத்தானை நம்பி எல்லா நிரலையும் கூட்டிவிட்டு, "ஆண்டு" என்ற நிரலின் அடியில் 13,867 என்று மொத்தம் காட்டிய ஒரு ஆய்வேட்டை நானே திருத்தியிருக்கிறேன். 1951 முதல் 2011 வரை ஏழு வருடங்களைக் கூட்டியிருந்தது. வழிகாட்டி கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் வந்தது.

பெரியவர்களுக்கும் நடக்கும். கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010இல் அரசுக் கடனைப் பற்றி எழுதிய, உலகம் முழுவதும் அரசியல்வாதிகள் மேற்கோள் காட்டிய கட்டுரையில், சராசரி போடும் எக்செல் வாய்ப்பாடு ஐந்து நாடுகளை விட்டுவிட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. அந்தக் கட்டுரையில் வேறு குறைகளும் சொல்லப்பட்டன, ஆனால் ஊர் சிரித்தது இந்த ஐந்து நிரைகளுக்காகத்தான்.

தலைப்பில் என்ன இருக்க வேண்டும்? மேலேயா, கீழேயா?

என்ன, எங்கே, எப்போது. இந்த மூன்றும் இருந்தால் போதும். "மாவட்ட விவரங்கள்" என்பது தலைப்பே இல்லை. அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே என்பது பொதுவான பழக்கம். அலகை நிரல் தலைப்பில் ஒரு தடவை சொல்லுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் % குறி போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

மூலம் என்று எந்த அளவுக்கு எழுதுவது? "கூகுள்" என்று போடலாமா?

போடக் கூடாது. கூகுள் வழி காட்டியது, தரவைத் திரட்டியது வேறு யாரோ. நிறுவனம், வெளியீடு, வருடம், முடிந்தால் அட்டவணை எண்.

இன்னொன்று, தற்காலிக எண்ணா இறுதி எண்ணா என்று சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்த தற்காலிக எண் 7,21,38,958, பின்னால் வந்த இறுதி எண் 7,21,47,030. இரண்டும் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஒருவர் இதையும் இன்னொருவர் அதையும் எடுத்துப் போட்டுவிட்டு யார் சரி என்று சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் சரிதான், மூலத்தை முழுசாக எழுதவில்லை.

எல்லைகளும் அப்படித்தான். 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. 2011இன் வேலூர் எண்ணை இன்றைய வேலூரின் எண்ணோடு ஒரே நிரையில் வைத்து "மக்கள்தொகை குறைந்துவிட்டது" என்று எழுதினால் என்ன செய்வது? 2001இன் கோயம்புத்தூரையும் 2011இன் கோயம்புத்தூரையும் அப்படியே ஒப்பிட முடியாது, 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது. எழுத்தறிவிலும் ஒரு கண்ணி இருக்கிறது: 1981 வரை 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் கணக்கிட்டார்கள், 1991 முதல் 7 வயதும் அதற்கு மேலும். அடிக்குறிப்பில் இதைச் சொல்லாத நீண்ட காலத் தொடர் எதையும் நான் நம்புவதில்லை.

காலப்போக்கைக் காட்டும் அட்டவணைக்கு ஒரு உதாரணம் கிடைக்குமா?

தாராளமாக.

அட்டவணை 2. தமிழ்நாட்டின் மக்கள்தொகையும் பத்தாண்டு வளர்ச்சியும், 1951–2011

| ஆண்டு | மக்கள்தொகை (லட்சம்) | முந்தைய பத்தாண்டில் வளர்ச்சி (%) |
|---|---:|---:|
| 1951 | 301 | – |
| 1961 | 337 | 11.8 |
| 1971 | 412 | 22.3 |
| 1981 | 484 | 17.5 |
| 1991 | 559 | 15.4 |
| 2001 | 624 | 11.7 |
| 2011 | 721 | 15.6 |

மூலம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வளர்ச்சி விகிதம் முழு எண்களிலிருந்து கணக்கிட்டது.

மக்கள்தொகை நிரலை மட்டும் பார்த்தால் எல்லாம் சீராக ஏறுகிறது, கதையே இல்லை. வளர்ச்சி நிரல் சேர்ந்ததும்தான் 1961–71 உச்சமும், 2001 வரை தொடர்ந்த இறக்கமும், அப்புறம் 2011இல் மறுபடி ஏறியதும் தெரிகிறது. வாசகர் மனக்கணக்குப் போட வேண்டிய இடத்தில் நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள், அதுதான் இங்கே செய்தது. 1951இல் வளர்ச்சி இல்லை என்று அர்த்தமில்லை, அட்டவணை அங்கேதான் தொடங்குகிறது, அதனால் சிறுகோடு.

வயது, வருமானம் இதையெல்லாம் 10–20, 20–30 என்று பிரித்தால் சரியா?

20 வயதுக்காரர் எங்கே போவார்? 10–19, 20–29 என்று பிரியுங்கள். வருமானம் மாதிரி உடைந்த எண் வரக்கூடியதற்கு "10,000 முதல் 20,000க்குள்" என்று எழுதலாம்.

எக்செலிலிருந்து எடுத்து ஒட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

5-9 என்று வயதுப் பிரிவைத் தட்டச்சு செய்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். அந்தக் கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத் தட்டுங்கள். இது உங்கள் தலையெழுத்து மட்டும் இல்லை. மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை எக்செல் மார்ச், செப்டம்பர் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

தமிழில் வரிசைப்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. சில மென்பொருள்கள் யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கும், அப்போது ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தும் ற என்ற எழுத்து ர-வுக்கு அடுத்தும் வந்து நிற்கும், நம் அகர வரிசை அதுவல்ல. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு என்றால் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகள்தான், வரிசைப்படுத்தவே முயல வேண்டாம், முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

தமிழில் நிரல் தலைப்புகள் நீளமாகி அட்டவணை பக்கத்தை விட்டு ஓடுகிறதே?

தலைப்பை இரண்டு மூன்று வரியாக உடையுங்கள், எழுத்தைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டாம், கழுத்து வலிக்கும். "ம.தொ.அ." மாதிரி நீங்களே கண்டுபிடித்த சுருக்கங்களும் வேண்டாம். பெரும்பாலும் பிரச்சினை தலைப்பின் நீளத்தில் இல்லை, நிரல்கள் அதிகம் என்பதில்தான். பதினோரு நிரல் இருந்தால் அது இரண்டு அட்டவணை.

அட்டவணையைப் பற்றிக் கட்டுரைக்குள் என்ன எழுதுவது?

"கன்னியாகுமரியில் 92 சதவீதம், சென்னையில் 90 சதவீதம், நீலகிரியில் 85 சதவீதம்" என்று அட்டவணையைத் திரும்ப வாசித்துக் காட்டாதீர்கள். ப்ராஜெக்ட்டுகளில் ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழேயும் "மேற்கண்ட அட்டவணையிலிருந்து அறியப்படுவது யாதெனில்" என்று தொடங்கி இதைத்தான் செய்கிறார்கள், யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்: "ஏழில் ஐந்து மாவட்டங்கள் மாநில சராசரிக்கு மேலே, தருமபுரி கிட்டத்தட்ட 12 புள்ளி கீழே (அட்டவணை 1)." அட்டவணை வருவதற்கு முன்பே அதன் எண்ணைக் குறிப்பிட்டுவிடுங்கள். ஒரு அட்டவணையைப் பற்றிச் சொல்ல இரண்டு வரிகூட வரவில்லை என்றால் அந்த அட்டவணையை எடுத்துவிடலாம் என்று பொருள்.

நாலு பக்கத்துக்கு ஓடும் அட்டவணையை என்ன செய்வது?

பின்னிணைப்புக்கு அனுப்புங்கள், உடலில் ஏழெட்டு நிரை போதும். பின்னிணைப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு நிரை மறுபடி வரும்படி வேர்டில் ரிப்பீட் ஹெடர் ரோஸ் என்பதைச் சொடுக்கிவிடுங்கள். ஐந்து நிரைக்கு ஒரு தடவை சின்ன இடைவெளி விட்டால் கண் வரி மாறாது.

அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக ஒட்டிவிடலாமா? நேரம் மிச்சமாகும்.

உங்களுக்கு மிச்சமாகும். அச்சில் மங்கும், எழுத்து அளவு பக்கத்தோடு ஒட்டாது, பார்வையற்றவர் திரைவாசிப்பானில் படிக்க முடியாது, யாராவது எண்ணை எடுத்துச் சரிபார்க்க நினைத்தால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். எண்ணில் திருத்தம் வந்தால் நீங்களும் அந்த எக்செல் கோப்பைத் தேடிப் போக வேண்டும், சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு அது நிச்சயம் வேறு யாருடைய பென்டிரைவிலாவது இருக்கும்.